கடைமடைக்கு ஒதுக்கிய நான்கு கோர்கள்

தனக்கென்று ஒதுக்கியதை முழுதாகப் பயன்படுத்திய மனிதன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் இரண்டரை வருடம் ஆராய்ந்து நிறுவியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஐநூறு இலை வாங்கினால் நானூற்றுப் பத்துதான் விழும். நம் கல்லூரி நூலகத்தில் அறுபது நாற்காலி. ஒரே நேரத்தில் எட்டுக்கு மேல் நிறைந்ததில்லை, அதிலும் மூன்றில் தூக்கம். முதல்வர் அறையில் இரண்டு ஏ.சி. இருக்கிறது, முதல்வர் ஒருவர்தான். மிச்சம் கிடப்பதை எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பதற்குப் பெயர் திருட்டு இல்லை, நிர்வாகம். இந்தக் கோட்பாட்டுக்கு என் பெயரையே வைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நண்பர்கள் என்றால் ஃபாஜில் ஒருவன்தான்.

மதிப்பிற்குரிய அனுராதா மேடம், நீங்கள் தலைமை தாங்கும் விசாரணைக் குழு நேற்று வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தது. நான் வரவில்லை. வராததற்கும், நீங்கள் கேட்டதற்கும், கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து இந்த விளக்கம். மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தால் நேரம் வீணாகும். நான் ராம்கி, கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு, சர்வர் அறையின் மாணவர் பொறுப்பாளர்.

குற்றச்சாட்டு இது: கல்லூரி சர்வரில் அனுமதியில்லாமல் ‘வளாக வானிலை’ என்ற நையாண்டித் தளத்தை நடத்தினேன். நடத்தினேன். ‘முதல்வர் அறையில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை நண்பகலுக்குள் துறைத்தலைவர் அறை நோக்கி நகரக்கூடும்’ என்று எழுதியது நான்தான். ‘மெஸ் சாம்பாரில் ஓரிரு இடங்களில் பருப்பு காணப்படலாம்’ என்று எழுதியதும் நான்தான். முதலாவது நடந்தது. இரண்டாவது பொய்த்தது. வானிலை என்றால் அப்படித்தான்.

ஆனால் மேடம், வீட்டுக்குள் புகுந்தவனைப் பிடித்து, செருப்பை ஏன் வாசலில் தாறுமாறாக விட்டாய் என்று குழு கேட்டுக்கொண்டிருக்கிறது. செருப்புக்குப் பதில் சொல்லியாயிற்று. உள்ளே என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை என்பதால்தான் சொல்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

போன வருடம் நம் கல்லூரியும் செம்பியன் வாய்க்கால் பாசனதாரர் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மழை ஏமாற்றிய வருடங்களில் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். பத்து நாளைக்கு ஒரு முறை, ஆளுக்கு இவ்வளவு நேரம். தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அதைப் போனில் சொல்ல ஒரு மென்பொருள். சங்கத்திலிருந்து மதகு திறக்கும் நேரம் எனக்குக் குறுஞ்செய்தியாக வரும். நான் ஏற்றிவிட்டால், நம் தமிழ்த்துறை பிரகதீஸ்வரி மேடத்தின் குரல் எல்லா வீட்டுக்கும் போய், ‘வணக்கம். உங்கள் முறை இன்று மாலை ஐந்து மணிக்கு. மண்வெட்டியுடன் மதகுக்கு வரவும்’ என்று சொல்லும். பெரிய கம்பெனிகள் ஆயிரம் பேர் பேசுவதற்கு வைக்கும் மென்பொருள் அது. நாம் அதை நெல்லுக்கு வைத்தோம். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் நான் இல்லை, சர்வர் இருந்தது.

நிறுவ வந்தவர் மீரா உசேன் சார், சென்னைக்காரர். கையில் முப்பத்தெட்டுப் பக்கம். என்ன இயந்திரம் வேண்டும், எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எதைச் செய்யக்கூடாது என்று வரிவரியாக.

குழுவில் கணினி தெரியாதவர்களும் இருப்பதால் ஒரு வார்த்தை. சர்வர் என்பது ஒரு பெரிய கணினி. அதற்குள் பல சின்னக் கணினிகள் இருப்பதுபோல் பாவனை செய்ய வைக்கலாம். கோர் என்பது வேலையாள். நம்முடையதில் பதினாறு ஆள். ஒரே நடவாள் கூட்டத்தை வைத்துக்கொண்டு நான்கு பண்ணைக்கு வாக்குக் கொடுக்கும் கொத்தனார்... தவறு, நடவுக்குக் கொத்தனார் இல்லை. ஆள் பிடித்துத் தருகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பண்ணையும் ஒரே நாளில் நடவு வைக்காத வரை யாருக்கும் தெரியாது. இதுதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

“தம்பி, அழைப்பு மெஷின் ரெண்டு. வாய்க்காலோட தலைப்பக்கத்துக்கு ஒண்ணு, கடைமடைக்கு ஒண்ணு. ஆளுக்கு நாலு கோர். யாரோடயும் பங்கு போடக்கூடாது. மெமரி முழுசும் ரிசர்வ்,” என்றார் மீரா உசேன் சார்.

“சும்மா இருக்கும்போது கூடவா சார்?”

“சும்மா இருக்கும்போது கூடத்தான்.”

“பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரில்ல இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “அதேதாங்க. மத்த சாஃப்ட்வேர் ரெண்டு செகண்டு லேட்டா வந்தா லேட்டுன்னு போயிடும். போனு ரெண்டு செகண்டு லேட்டா வந்தா கட்டாயிடும். அதுக்கு மட்டும் துண்டு போட்டுத்தான் ஆகணும்.”

அன்று மாலையே வளாக வானிலையில் எழுதினேன்: ‘சர்வர் அறையில் எட்டுத் துண்டுகள் விரிக்கப்பட்டுள்ளன. ஆட்கள் வருவதற்கான அறிகுறி இல்லை.’ நல்ல வரவேற்பு.

பிறகு இரண்டு மாதம் கணக்குப் பார்த்தேன். தலைப்பக்கத்து மெஷின் தினமும் ஏதாவது பேசிக்கொண்டிருந்தது. அங்கே உள்ளவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள், நேரம் மாற்றச் சொல்வார்கள், பிரகதீஸ்வரி மேடத்திடம் சண்டை கூடப் போடுவார்கள், பதிவுக் குரல் என்று தெரியாமல். கடைமடை மெஷின் ஒன்பது நாள் படுத்துக் கிடக்கும். பத்தாவது நாள் ஒரு மணி நேரம் எழுந்து, கீழச்சேத்தி என்ற ஊரின் நாற்பத்தோரு வீட்டைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிடும். அவர்கள் யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. எதையும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு நான்கு ஆளைக் கட்டி வைத்திருப்பதை என் கோட்பாடு ஏற்காது.

ஆகவே அந்த நான்கு கோரின் ரிசர்வை எடுத்தேன். அதன் மேல் ஏழு மெஷின்களை ஏற்றினேன். வளாக வானிலை அதில் ஒன்று. ஃபாஜிலின் கிரிக்கெட் ஸ்கோர் பலகை ஒன்று. கலைவிழாப் பதிவு ஒன்று. நம் துறைத்தலைவர் தன் மகள் கல்யாண அழைப்பிதழைத் தளமாகப் போடச் சொல்லி அன்பாகக் கேட்டது ஒன்று. அவரும் குழுவில் இருக்கிறார், வணக்கம் சார். மற்ற மூன்றும் இதைவிட முக்கியமில்லை.

வகுப்பு விடுவது மூன்றே முக்காலுக்கு. விட்டதும் எண்ணூறு பேர் போனை எடுத்து வானிலை பார்ப்பார்கள். முறைத் தண்ணீர் அழைப்பும் பெரும்பாலும் அதே நேரம்தான். கடைமடை மெஷின் கோருக்காக வரிசையில் நின்றது. நின்றுகொண்டே எண்ணைச் சுழற்றியது. சில வீட்டில் மணி அடிக்கவே இல்லை. சிலதில் பாதி அடித்து நின்றது. மென்பொருளுக்கே என்ன நடந்தது என்று தெரியாமல், அந்த வீடுகளுக்கு நேரே ‘முடிவு தெரியவில்லை’ என்று எழுதி வைத்தது. இயந்திரம் நேர்மையானது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

இங்கே சங்கத்தின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அழைப்பு முடிந்ததும் சங்க அலுவலகத்தில் ஒரு தாள் அச்சாகும். அதில் இரண்டே கட்டம்: எடுத்தார், எடுக்கவில்லை. எடுக்காதவர் வீட்டுக்குச் சங்கத்து ஆள் செந்தில்குமார் தன் டி.வி.எஸ்.ஸில் நேரில் போய்ச் சொல்வார். அவர் சொல்லிவிட்டு வரும் வரை அந்த வீட்டு முறையை யாரும் தொடக்கூடாது. எடுத்தவர் ஒரு மணி நேரத்துக்குள் மதகுக்கு வராவிட்டால் முறை போய்விடும். தண்ணீர் அடுத்த வயலுக்கு. தெரிந்தும் வராதவனுக்கு இரக்கம் கிடையாது, தெரியாதவனைத் தேடிப் போவார்கள். இது அவர்களே பேசி வைத்துக்கொண்டது. செந்தில்குமாரைப் பற்றி வானிலையில் எழுதியிருக்கிறேன்: ‘கடைமடையில் தகவல் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் புகையுடன் வீசக்கூடும்.’ இந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் ‘போன் வந்துச்சா’ என்று கேட்கும் மனிதனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தாளில் மூன்றாவது கட்டம் இல்லை. ‘முடிவு தெரியவில்லை’ என்பதை எங்காவது போட்டாக வேண்டும். ‘எடுக்கவில்லை’யில் போட்டால் செந்தில்குமார் ஒரே நாளில் இருபது வீட்டுக்குப் போக நேரும், போனால் ஏன் இத்தனை என்று கேட்டுக்கொண்டு சர்வர் அறைக்கு வருவார், வந்தால் ஏழு மெஷினும் தெரியும். ‘எடுத்தார்’ என்பதில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒரே ஒரு வரி, மேடம். எழுத நான்கு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் யோசித்தேன். நடைமுறை எனக்குத் தெரியாது என்று சொல்லப் போவதில்லை. அதை அந்த மென்பொருளில் ஏற்றியவனே நான்தான்.

பெரிய சேதம் எதுவும் இல்லை. கீழச்சேத்தியில் வயல்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால், பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். ஒருவருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. சாரங்கபாணி. வயது ஐம்பத்தாறு. அவர் வீடும் வயலும் தோப்புக்கு அந்தப் பக்கம், தனியாக. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். நெல் தொண்டைக்கதிரில், கதிர் வெளியே வரும் தறுவாயில் நிற்கும்போது மூன்று முறை தொடர்ந்து போயிற்று. மேட்டுப்பக்க மூன்று மா மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. பள்ளத்து மூன்று மா மட்டும் ஊற்று ஈரத்தில் நின்றது. நிலம் சிங்கப்பூரில் இருக்கிற ஒருவருடையது. மிச்சமாவது கரையேறாவிட்டால் தையோடு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

சாரங்கபாணி சங்கத்தில் புகார் சொன்னார். தொழில்நுட்ப விளக்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மடிக்கணினியோடு போனேன். டீ கொடுத்தார்கள்.

“எனக்குப் போன் வரலீங்க,” என்றார்.

சங்கத் தலைவர் தாளைத் தூக்கிக் காட்டினார். “மூணு தடவையும் எடுத்திருக்கியேப்பா. நாலு மணி ரெண்டு நிமிஷம், எடுத்தார். போட்டிருக்குல்ல.”

“நான் எடுக்கலீங்க.”

பின்னாலிருந்து ஒருவர், “மாமா, நீங்க எடுத்துட்டு மறந்திருப்பீங்க. போன வாரம் என் வண்டில ஏறி உக்காந்துட்டு, எங்கடா போறோம்னு கேட்டீங்களே,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“நீ சொல்லாம ஏத்திக்கிட்டா கேக்கத்தான்டா செய்வேன்,” என்றார் சாரங்கபாணி. அதற்கும் சிரித்தார்கள்.

அவர் மனைவி அமிர்தம் கதவோரம் நின்றிருந்தார். “போனு சட்டப் பையிலதாங்க இருந்துச்சு. மணி அடிச்சா எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா?”

“வீட்டுக்காரருக்குப் பரிஞ்சு பேசத்தாம்மா செய்வ,” என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு. மெஷினு தப்பா எழுதுமா?”

“மெஷினுக்கு என்ன சொல்லி வச்சிருக்கோ, அதத்தாங்க எழுதும்,” என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். கூட்டம் அதை ‘எழுதாது’ என்று எடுத்துக்கொண்டது. அது கூட்டத்தின் பொறுப்பு. சாரங்கபாணி தாளைக் கையில் வாங்கி, தன் பெயரை விரலால் தொட்டு, மூன்று வரியையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஃபாஜிலின் அத்தாவுக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் காலேஜ் போயிருந்தோம். புறநோயாளிகள் பெஞ்சில் சாரங்கபாணியும் அமிர்தமும் உட்கார்ந்திருந்தார்கள். என் கழுத்தில் கல்லூரி அட்டை.

“நீங்க அந்தப் போன் மெஷின் தம்பிதான?” என்றார் அமிர்தம். “இந்தச் சீட்டக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. டாக்டரு கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்காரு.”

“என்னங்க உடம்புக்கு?”

சாரங்கபாணி தலையைத் தட்டிக் காட்டினார். “மறதி. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாரு டாக்டரு. அறுபத்தஞ்சு வரைக்கும் வந்தேன். அப்பறம் கொழம்பிப்போச்சு.” நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். எனக்கு எழுபத்திரண்டோடு நின்றுவிட்டது.

“போன எடுத்திருக்கேன் தம்பி. எடுத்து, சரிங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். எதுவுமே ஞாபகம் இல்ல. தாள்ல இருக்குல்ல, நாலு மணி ரெண்டு நிமிஷம்னு. எங்கப்பாவுக்கு இப்படி எதுவும் வந்ததில்ல. எனக்குத்தான் மொதல்ல.”

சீட்டைப் படித்துச் சொன்னேன். ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு மாதம். கையெழுத்து உண்மையிலேயே மோசம். இருந்தும் பிழையில்லாமல் படித்தேன். அமிர்தத்துக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னேன். அன்று என்னால் முடிந்த உதவி அது.

திங்கட்கிழமை வளாக வானிலையைக் கண்டுபிடித்து நீங்கள் சர்வர் அறைக்குச் சீல் வைத்தீர்கள், மின்சாரத்தையும் நிறுத்தி. உள்ளே வாய்க்கால் அழைப்பும் அணைந்தது குழுவில் யாருக்கும் தெரியாது. நாற்பத்தோரு வீட்டு எண்களும் அதற்குள்தான். வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு எனக்குச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது: மதகு திறந்தாயிற்று, கடைமடைக்கு நான்கு மணி, இந்தப் பருவத்தின் கடைசி முறை. தலைப்பக்கத்துக்காரர்களுக்குப் போன் தேவையில்லை, தண்ணீர் கண்ணிலேயே தெரியும். கீழச்சேத்திக்குத் தெரியாது. தாள் அச்சாகாத நாளில் செந்தில்குமாருக்கு வேலை கிடையாது. அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

ஃபாஜிலின் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். கிடக்கிற வண்டிக்கு ஓட்டம் வேண்டும் என்பதற்காக என்று அவனிடம் சொன்னேன்.

“போன் வந்துச்சாங்க?”

“வரலியே.”

“நாலு மணிக்கு முறை.”

இதையே நாற்பது வாசலில் சொன்னேன். ஓர் அம்மா, “செந்திலு எங்க? உன்ன எப்பச் சேத்தாங்க? மாசச் சம்பளமா, தெனக் கூலியா?” என்றார். இன்னொரு வீட்டில், “இதுக்குத்தான் காலேஜுல படிக்கிறியா?” என்றார்கள். ஒரு வீட்டில் நாய். செருப்பு ஒன்று அங்கேயே இருக்கிறது.

தோப்பைத் தாண்டிப் போகும்போது மணி மூன்று. நீங்கள் எல்லோரும் மாநாட்டு அறையில் எனக்காகக் காத்திருந்த நேரம். சாரங்கபாணி வாசலில் நின்றிருந்தார், போன் சட்டைப்பையில்.

“போன் வந்துச்சாங்க?”

அவர் போனைப் பார்த்தார். அமிர்தத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வந்துச்சு தம்பி,” என்றார். “எடுத்தேன். கெளம்பிக்கிட்டேதான் இருக்கேன்.”

அமிர்தம் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். அதைக் கணவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார்.

குழு எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோரு வீட்டுக்கு ஒதுக்கியதை நான் எடுத்தேன். அவர்களுக்குப் போகாத போனை எடுத்ததாக எழுத வைத்தேன். நல்ல புத்தியோடு இருக்கிற ஒரு மனிதர் அந்தத் தாளை நம்பி மறதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வளாக வானிலைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, மேல்முறையீடு செய்வேன். இதற்குச் செய்ய மாட்டேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. தெளிந்த மாதிரி இருக்கிற ஆளைக் குழப்புவது நியாயம் இல்லை என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

வரப்பில் அவர் முன்னால் நடந்தார். நான் மண்வெட்டியோடு பின்னால்.

“பாத்தீங்களா தம்பி, இந்தத் தடவ மறக்கல,” என்றார். “மாத்திர நல்லாக் கேக்குது.”

“நல்லதுங்க,” என்றேன்.

தண்ணீர் வந்து சேர ஐந்தேகால் ஆயிற்று. அதுவரை அவருடைய வயல் மடையோரம் நான் உட்கார்ந்திருந்தேன். ஃபாஜில் இரண்டு தடவை கூப்பிட்டான், கல்லூரி எண்ணிலிருந்து நான்கு அழைப்பு வந்தது. போனை அணைத்து வைத்தேன். தோப்பைத் தாண்டி வந்த ஒரு வயல்காரர், “சும்மாத்தான உக்காந்திருக்க, வந்து எங்க வயலு வாமடையக் கொஞ்சம் அடச்சுக் குடு,” என்றார். முடியாதுங்க, வேலையாக இருக்கிறேன் என்றேன்.